வளர்ந்தோரின் விளையாட்டும் நம்மவரின் சிரிப்பும்

ஒரு குறிப்பிட்ட வயதின் பின் மனிதர் விளையாட்டைக் கைவிட்டுவிடுகின்றனர் என்பது நம்மிடையே நிலவிவரும் கருத்தாகும். போளையும் கொக்கானும் கிளித்தட்டும் பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடுகின்றன. அதன்பின் மனிதன் பொறுப்புள்ளவனாகிவிடுகின்றான் என்பர். இக்கருத்து முற்றிலும் தவறானது. விளையாட்டுக் கைவிடப்படுவதில்லை, மறைக்கப்படுகின்றது.

படிக்கட்டில் ஏறும்போது படிகளை மனத்துள் எண்ணி, எண்ணிக்கை ஒற்றையில் முடிந்தால் கடைசிப் படியை இருமுறை மிதிப்பவர். நிலத்தில் பதித்த கற்களின் இடைக்கோடுகளில் கால் படாமல் நடப்பவர். முன்னே செல்லும் பஸ்ஸின் இலக்கங்களைக் கூட்டி ஒன்பது வருகின்றதா எனப் பார்ப்பவர். பூட்டிய கதவை மூன்றுமுறை தொட்டபின்னரே வீதியில் இறங்குபவர். அடுத்த மின்கம்பம் வரும்வரை மூச்சை விடக்கூடாது எனத் தமக்குத் தாமே ஆணையிடுபவர். இவர்கள் எங்கோ தொலைவில் உள்ளவரல்லர். இக்கட்டுரையை வாசிக்கும் மாணவரிடையேயும், ஏன், விரிவுரையாளரிடையேயும் இருக்கின்றனர். அவர்கள் அதனை வெளியே சொல்வதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

ஆயின் நான் இதனைப் பற்றி எழுத முனைந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. நமது பீடத்துக்குப் புதிதாக வந்த மாணவனொருவன், விரிவுரை மண்டபத்துக்குச் செல்லும் நடைகூடத்தின் தூண்களை இடக்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு செல்லும் வழக்கமுடையவனாக இருந்தான். ஒன்று தவறினால் திரும்பிச் சென்று தொட்டுவருவான். எவருக்கும் அதனால் இடையூறில்லை. சிரேஷ்ட மாணவர் சிலர் இதனைக் கண்டுகொண்டனர். ஒருநாள் மாலை அவனை நடைகூடத்தின் ஒரு முனையில் நிறுத்தி, ஒவ்வொரு தூணையும் தொட்டு உரத்த குரலில் எண்ணிக்கொண்டு மறுமுனைவரை செல்லுமாறு பணித்தனர். சென்றான். திரும்பவும் பணித்தனர். திரும்பவும் சென்றான். சுற்றி நின்றோர் கைதட்டினர். அன்றிலிருந்து அவனுக்குத் 'தூண்' என்று பெயராயிற்று. அவன் இப்பொழுது அந்நடைகூடத்தால் வருவதில்லை. மழையானாலும் கட்டடத்தைச் சுற்றிப் புல்வெளியாலேயே வருகின்றான்.

கைதட்டியவர்களுள் நானும் ஒருவன். அதைவிட வெட்கத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. கைதட்டி முடிந்து காற்சட்டைப் பையினுள் விட்ட என் கையின் பெருவிரல், ஏனைய நான்கு விரல்நுனிகளையும் முறையே தொட்டு நான்கு நான்காக எண்ணிக்கொண்டிருந்தது. பாடசாலைக் காலந்தொட்டு எனக்குள்ள வழக்கம் இது. அவனது விளையாட்டுக்குத் தூண் தேவைப்பட்டது. எனது விளையாட்டோ பைக்குள் அடங்கிற்று. எங்களிருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு இவ்வளவே.

இச்செயலை நியாயப்படுத்துவோர் கூறும் வாதங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

'இது சிறுபிள்ளைத்தனம், பல்கலைக்கழகம் வந்தவனுக்கு அழகல்ல' என்பது முதலாவது வாதம். 1755ஆம் ஆண்டில் வெளிவந்த தமது அகராதியால் ஆங்கில மொழியின் சொல்வளத்துக்கு ஒழுங்கு கண்ட சாமுவேல் ஜோன்சன், வாயிலைக் கடக்கையில் குறித்த ஒரு காலே முன்செல்லும் வண்ணம் அடிகளைக் கணக்கிட்டு நடந்தார் என்பதையும், கணக்குப் பிழைத்தால் திரும்பிவந்து மீண்டும் நடந்தார் என்பதையும், 1791இல் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய பொஸ்வெல் பதிவுசெய்துள்ளார். சிந்தனையாளர் ரூசோவோ, தமக்கு நரகமா மோட்சமா என்பதை அறிய மரமொன்றின்மீது கல்லெறிந்து பார்த்ததாகத் தமது தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கின்றார். பட்டால் மோட்சம். கல் நடுமரத்திற் பட்டது. ஏனெனில் அவர் தெரிந்தெடுத்த மரம் பருமனானதும் மிக அண்மையில் நின்றதுமாகும்! இவர்களை நாம் சிறுபிள்ளைகள் என்று தள்ளிவிடுவதில்லை. சிக்மண்ட் பிராய்ட் 1908இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், மனிதன் ஒருமுறை துய்த்த இன்பத்தை உண்மையில் விட்டுவிடுவதில்லை, அதற்கு மாற்றாக இன்னொன்றைக் கைக்கொள்கின்றான் என வாதிட்டார். குழந்தை தன் விளையாட்டை மறைப்பதில்லை. வளர்ந்தவனோ தன் கற்பனைகளுக்காக வெட்கப்பட்டு அவற்றை ஒளிக்கின்றான் என்பதும் அவர் சுட்டிய வேறுபாடாகும். வெட்கம் எங்கிருந்து வருகின்றது? கைதட்டுவோரிடமிருந்தே வருகின்றது.

'இது மூடநம்பிக்கை, பகுத்தறிவு கொண்டு களையவேண்டியது' என்பது இரண்டாவது வாதம். முற்போக்குப் பேசும் நண்பர்களே இதனைப் பெரிதும் எடுத்தாள்வர். ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட பரிசோதனையொன்றில், புறாக்கள் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவேளையில் இரை வழங்கப்பட்டது. இரை வந்த தருணத்தில் தற்செயலாகச் செய்த அசைவையே அவை மீண்டும் மீண்டும் செய்யலாயின. மூடநம்பிக்கையின் தோற்றத்தை இதனால் ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். ஆனால் புறாவுக்கும் ரூசோவுக்கும் வேறுபாடுண்டு. புறா தன் அசைவுக்கும் இரைக்கும் தொடர்பில்லை என்பதை அறியாது. அண்மையில் நின்ற பெருமரத்தைத் தெரிந்தெடுத்த மனிதனோ ஏதோ ஒரு மூலையில் அதனை அறிந்திருந்தான். நமது இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. தலைவன் வருவானோ வாரானோ என அறியும்பொருட்டுத் தலைவி கண்ணை மூடி மணலில் வட்டமிடுவதும், அதன் முனைகள் கூடுகின்றனவா எனப் பார்ப்பதும் 'கூடலிழைத்தல்' எனப்படும். நாச்சியார் திருமொழியின் நான்காம் திருமொழி இப்பொருளிலேயே அமைந்தது. விதி செய்பவள் அவளே, விளையாடுபவள் அவளே, தீர்ப்பளிப்பவளும் அவளே. இதனை மூடநம்பிக்கையென ஒரே சொல்லில் ஒதுக்குபவர் அவளது காத்திருப்பின் கனத்தை அறியாதவராவர். நம்பிக்கைக்கும் விளையாட்டுக்கும் இடையிலுள்ள வரம்பு மெல்லியது என்பதை நான் மறுக்கவில்லை. மெல்லியதாயினும் அது வரம்பே.

மூன்றாவது வாதமே இன்று பெருவழக்காகவுள்ளது. 'இது ஒரு நோய்' என்பர். மேசையை நேராக்குபவனையும் பேனாக்களை நிற ஒழுங்கில் அடுக்குபவளையும் கண்டவுடன் 'ஓ.சி.டி.' என மூன்றெழுத்தைச் சூட்டிச் சிரிப்பது விடுதி அறைகளில் வழக்கமாகிவிட்டது. விரும்பாத எண்ணம் வந்து வருத்துதலும், அதனைத் தணிக்கச் செய்த செயலையே மீண்டும் மீண்டும் செய்யாமல் இருக்கமுடியாமையும் கொண்ட நோயொன்று உண்மையில் உண்டு. நாளொன்றில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதற்கே செலவாதல், அல்லது கடுந்துயர் விளைதல், அல்லது படிப்பும் தொழிலும் உறவும் குலைதல் என்பவற்றை அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கைந்நூல் அளவுகோலாகக் கூறுகின்றது. தோல் வெடிக்கும்வரை கைகழுவுபவரின் துயரம் நகைப்புக்குரியதன்று. அவருக்கு வேண்டியது சிகிச்சை. விளையாட்டை நோயென்று கூறுபவர் ஒரே வேளையில் இரு அநீதிகளைப் புரிகின்றார்: நலமாயிருப்பவனை நோயாளியாக்குகின்றார், நோயாளியின் துன்பத்தை வேடிக்கையாக்குகின்றார். இனி, அம்மாணவன் உண்மையிலேயே நோயுற்றவனாக இருந்திருப்பின், கைதட்டியமை மேலும் கொடியதாகின்றது. ஆகவே இவ்வாதம் எப்பக்கம் திருப்பினும் நம்மைக் காப்பாற்றாது.

'நாடு இருக்கும் நிலையில் தூணைத் தொடுவதும் படியை எண்ணுவதுமா பேச்சு?' எனச் சிலர் வினவக்கூடும். 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோரை அவர்கள் நினைவுகூரட்டும். முன்னால் நின்ற வாகனங்களின் இலக்கங்களைக் கூட்டியும் பெருக்கியும் இரவைக் கழித்தவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். பின்னர் அவ்வாண்டிலேயே வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைக் கொண்டு எரிபொருள் பெறும் நாள் வகுக்கப்பட்டபோது, 'என்ர விளையாட்டை அரசாங்கம் எடுத்திட்டுது' என்றார். நாங்கள் சிரித்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார். அது சிரிப்பு. நடைகூடத்தில் நிகழ்ந்தது வேறு. கையிலுள்ள பொருளெல்லாம் வரிசையிலும் விலையிலும் போய்விட்ட காலத்திலும், தானே விதித்துத் தானே கீழ்ப்படியும் சிறு விதியொன்று மனிதனிடம் எஞ்சுகின்றது. எவரும் இடாத ஆணை அது. எவருக்கும் கணக்குக் காட்டவேண்டாதது. விளையாட்டைப் பற்றி 1938இல் விரிவாக எழுதிய ஹூய்சிங்கா, சுதந்திரமான செயலாயிருத்தலையே விளையாட்டின் முதற்பண்பாகக் கொண்டார். ஆணையிட்டு ஆடவைப்பது விளையாட்டாகாது. தூண்களை எண்ணுமாறு பணித்தவர்கள் அவனுடைய விளையாட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதனை அவனிடமிருந்து பறித்துத் தமது விளையாட்டாக்கிக்கொண்டனர்.

பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உடலுக்கு நேரும் ஊறோடு உளத்துக்கு நேரும் ஊறையும் குற்றத்துள் அடக்குகின்றது. ஆனால் இங்கு அடித்தவர் எவருமில்லை, முறையிட்டவரும் இல்லை. ஆதலால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் அனைவரும் நிம்மதியாயிருக்கின்றோம். அந்நிம்மதியைக் குலைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மாணவர் கூட்டங்களில் மனித சுதந்திரம் பற்றி மணிக்கணக்கில் முழங்கும் நாம், ஒருவன் தன் போக்கில் ஒரு தூணைத் தொட்டுச் செல்வதைப் பொறுக்கமாட்டாதவராயின், நமது முழக்கத்தின் பெறுமதி யாது?

இதனை எழுதுமுன் அம்மாணவனைச் சந்தித்து, நானும் அங்கு நின்றதைக் கூறி மன்னிப்புக் கேட்டேன். எழுதுவதற்கும் அவனது சம்மதத்தைப் பெற்றேன். என் பைக்குள் நடப்பதையும் சொன்னேன். சிறிதுநேரம் பேசாதிருந்துவிட்டு, 'பரவாயில்லை அண்ணா' என்றான். பரவாயில்லை என்பதை நான் ஏற்கவில்லை. அவன் இன்னும் புல்வெளியாலேயே வருகின்றான்.