வேடமும் மெய்ப்பாடும்

அவிசாவளையிலிருந்து ஹற்றன் நோக்கிச் செல்லும் பாதையிலே கித்துல்கல என்னும் ஊரை அடைந்ததும் களனி கங்கை நமக்கு அருகே வந்துவிடுகிறது. ஆற்றின் வேகத்தில் படகு விட்டு விளையாட அங்கு செல்வோர் இன்று பலர். ஒரு காலத்தில் அங்கே நின்ற மரப்பாலத்தின் இடத்தைத் தேடிப் பார்ப்போரும் உளர். டேவிட் லீன் என்னும் ஆங்கில நெறியாளர் 'குவாய் நதிப் பாலம்' என்ற திரைப்படத்துக்காகக் கட்டுவித்து, 1957ஆம் ஆண்டிலே வெடிவைத்துத் தகர்த்த பாலம் அது. பாலத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அப்படத்தில் ஒரு மனிதர் நடந்து காட்டிய சில அடிகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அந்தச் சில அடிகளைப் பற்றியும், அவற்றை நடந்த சேர் அலெக் கின்னஸ் என்ற நடிகரைப் பற்றியும் இவ்வாரம் எழுத விரும்புகிறேன்.

யப்பானியரின் போர்க்கைதிகள் முகாமில் அகப்பட்ட பிரித்தானியப் படைப்பிரிவொன்றின் தலைவர் கேணல் நிக்கல்சன். அதிகாரிகளும் கூலிவேலை செய்தாக வேண்டும் என்ற கட்டளைக்கு அவர் பணிய மறுக்கிறார். வெயிலில் தகிக்கும் தகரக் கூண்டொன்றிலே அவரை அடைத்து வைக்கின்றனர். நாட்கள் கழிந்தபின் கதவு திறக்கிறது. முகாமின் தலைவன் இருக்கும் இடத்துக்கு அவர் நடந்து செல்லவேண்டும். கால்கள் சொற்கேளாமல் தள்ளாடுகின்றன. முதுகோ வளைய மறுக்கிறது. உடல் தோற்றுவிட்டது, உள்ளம் தோற்கவில்லை என்பதை ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த நடை சொல்லிவிடுகிறது.

இந்த நடையை அவர் எங்கிருந்து பெற்றார்? அவருடைய ஒரே மகன் மத்தியூ சிறுவயதில் இளம்பிள்ளைவாத நோய்க்கு ஆளானவர். நோயிலிருந்து மீளும் காலத்தில் அந்தப் பிள்ளை மீண்டும் நடக்கப் பழகிய காட்சி தந்தையின் மனத்தில் பதிந்திருந்தது. அதையே அவர் கேணலுக்குக் கொடுத்தார். 1958ஆம் ஆண்டில் அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றுக்கொடுத்த அந்தப் பாத்திரத்தின் உயிர்நிலை, ஒரு வீட்டின் துயரத்திலிருந்து பிறந்ததாகும்.

இதைச் சிந்திக்கும்போது எனக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருகிறது. உள்ளத்தில் நிகழ்வது உடம்பின்வழி புறத்தே புலப்படுதலை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். நகை, அழுகை முதலாக எட்டு வகையாக அதனைப் பகுத்தும் வைத்தனர். வேடம் என்பது வேறு. அது வெளியிலிருந்து உடம்பின்மேல் ஏற்றப்படுவது. மெய்ப்பாடோ உள்ளிருந்து உடம்புக்கு வருவது. பல்திறன் வாய்ந்த நடிகர் என்று ஒருவரைப் புகழும்போது இவ்விரண்டில் எதை நாம் புகழ்கிறோம்? அலெக் கின்னஸின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு விடை தேட நல்லதோர் இடமாகும்; ஏனெனில் அவர் இரண்டிலும் வல்லவர், இரண்டாலும் சோதிக்கப்பட்டவர்.

அவர் 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். பிறப்புப் பதிவிலே தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. தந்தை யார் என்பதை அவர் இறுதிவரை உறுதியாக அறிந்தாரில்லை. தாயின் குடும்பப் பெயர் ஒன்று, தாய் சிறிதுகாலம் மணந்திருந்தவரின் பெயர் ஒன்று, பதினான்காம் வயதில் இதுவே உன் பெயர் என்று சொல்லப்பட்ட கின்னஸ் என்ற பெயர் ஒன்று என, வளர்ந்து முடிவதற்குள் மூன்று பெயர்களை அவர் சுமந்தார். சொந்தப் பெயரே ஐயத்துக்கு இடமான பிள்ளைக்குப் பிறர் பெயர்களிலே குடியிருக்கும் கலை கைவந்ததில் வியப்பில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் அது எளிதான விளக்கம். பெயரற்ற பிள்ளைகள் எத்தனையோ பேர், அவர்களெல்லாம் நடிகராகிவிடுவதில்லை.

பள்ளியை விட்டதும் விளம்பர நிறுவனமொன்றில் வாசகம் எழுதும் வேலை பார்த்தார். பின்பு நாடகப் பயிற்சிக்குச் சென்றார். கையில் காசில்லாத அந்நாட்களில், ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த ஜோன் கில்குட் அவருக்கு 20 பவுண் கொடுக்க முன்வந்தார். பசியோடிருந்த இளைஞரோ அதை வாங்க மறுத்துவிட்டார். 1985இல் வெளியான தமது நினைவுநூலில் அவரே இதனைக் கூறுகிறார். பணத்தை வாங்காத இளைஞர் 1934இல் அதே கில்குட்டின் 'ஹம்லெட்' நாடகத்தில் ஒஸ்றிக் என்ற சிறு பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். நான்கு ஆண்டுகளின்பின் ஓல்ட் விக் அரங்கில், தைரன் கத்ரியின் நெறியாள்கையில், தற்கால உடையணிந்த ஹம்லெட்டாகத் தாமே தோன்றினார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் கடற்படையில் சேர்ந்தார். 1943 யூலையில் நேசநாட்டுப் படைகள் சிசிலித் தீவில் இறங்கியபோது, படைவீரரைக் கரைசேர்க்கும் கலமொன்றுக்குத் தலைவராக இருந்தார். கேணல் நிக்கல்சனின் அதிகாரத் தோரணையைப் பார்க்கும்போது, கட்டளையிடுவதன் சுமையை உண்மையாகவே சுமந்த ஒருவர் நடிக்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது.

போருக்குப் பின்னர் திரைப்படம் அவரை ஏற்றுக்கொண்டது. டிக்கன்ஸின் 'பெரும் எதிர்பார்ப்புகள்' நாவலைப் போருக்கு முன்னரே அவர் மேடைக்கென நாடகமாக்கி, அதில் ஹேபேட் பொக்கற் என்ற பாத்திரத்தையும் ஏற்றிருந்தார். அந்நாடகத்தைக் கண்டிருந்த டேவிட் லீன் 1946இல் அதே நாவலைப் படமாக்கியபோது அதே பாத்திரத்தை அவருக்கு அளித்தார். 1949இல் ஈலிங் படப்பிடிப்பு நிலையம் தயாரித்த 'அன்புள்ளங்களும் மணிமுடிகளும்' என்ற நகைச்சுவைப் படம் வெளியாயிற்று. பிரபுத்துவப் பட்டமொன்றை அடைவதற்காக ஓர் இளைஞன் தன் உறவினரை ஒருவர்பின் ஒருவராகக் கொல்வதே கதை. கொலையுண்ணும் குடும்பத்தவராகக் கின்னஸ் எட்டு வேடங்கள் தாங்கினார். படைத்தளபதி, கடற்படைத் தலைவர், வங்கியாளர், மதகுரு மட்டுமன்றி, ஒரு சீமாட்டியாகவும் அவரே வந்தார். ஒரு காட்சியில் அவர்களுள் அறுவர் ஒரே சட்டகத்துள் இருக்கின்றனர். கமராவை அசையாது நிறுத்தி, ஒரே பிலிமை மீண்டும் மீண்டும் பின்னோக்கிச் சுற்றி ஒளிப்பதிவாளர் அதைச் செய்தார்.

எட்டு வேடம் என்பது சர்க்கஸ் வித்தையாக முடிந்திருக்கலாம். அவ்வாறு முடியாமைக்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் அவர் ஒவ்வொரு நடையையும் குரலையும் மூச்சையும் கொடுத்ததே. முதிய மதகுருவின் தடுமாற்றமும் கடற்படைத் தலைவரின் அசையாத மடமையும் தாடியிலோ தொப்பியிலோ இல்லை. தாடியை எடுத்துவிட்டாலும் அவர்கள் வெவ்வேறு மனிதராகவே இருப்பார்கள். ஒரு பாத்திரத்தின் நடை கிடைத்துவிட்டால் பாத்திரமே கிடைத்துவிட்டது என்பது அவருடைய தொழில் நம்பிக்கை.

எனினும் வேடத்தின் ஆபத்துக்கும் அவரே சான்று. 1948இல் 'ஒலிவர் டுவிஸ்ட்' படத்தில் ஃபேகின் என்ற யூதத் திருடனாகத் தோன்றினார். டிக்கன்ஸின் நூலுக்கு வரையப்பட்ட பழைய சித்திரங்களைப் பின்பற்றி மிகப் பெரிய வளைந்த மூக்கொன்றைப் பொருத்திக்கொண்டார். நாற்பதுகளின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவில் யூதர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டிருந்த நிலையில், அவர்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட கேலிச்சித்திரங்களே அந்த மூக்கால் நினைவூட்டப்பட்டன. 1949இல் பேர்லினில் யூதர்கள் வீதியிலிறங்கி எதிர்த்தனர். அமெரிக்காவிலோ சில பகுதிகள் வெட்டப்பட்டு 1951இலேயே படம் திரைக்கு வந்தது. நடிப்பின் திறமையை எவரும் மறுக்கவில்லை. திறமை இருந்தமையாலேயே புண்ணும் ஆழமாயிற்று.

முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்து 1984இல், ஈ.எம். போஸ்ரரின் நாவலைத் தழுவி லீன் எடுத்த 'இந்தியாவுக்கு ஒரு பயணம்' படத்தில், கோட்போலே என்ற பிராமணப் பேராசிரியராக அவர் நடித்தார். விக்டர் பானர்ஜி, ரோஷன் சேத், சயித் ஜஃப்ரி முதலிய இந்திய நடிகர்கள் அதே படத்தில் இயல்பாக உலவ, அவர்களிடையே முகத்துக்கு நிறம் பூசிய ஆங்கிலேயர் ஒருவரைக் காண்பது எனக்கு இன்றும் கூச்சத்தை உண்டாக்குகிறது. தம் மகனின் நடையை அறிந்தவாறு இந்த மனிதரின் உள்ளத்தை அவர் அறிந்திருக்கவில்லை. அறியாததை மையால் நிரப்ப முயன்றார். கூடுவிட்டுக் கூடு பாயலாம். ஆனால் பாயப்போகும் கூட்டுக்குள் எவர் வாழ்கிறார் என்று முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.

மேடையிலும் அவருக்கு வீழ்ச்சிகள் உண்டு. 1951இல் இலண்டனில் மீண்டும் ஹம்லெட்டாக நடித்தார். முதல் இரவிலேயே விளக்குகள் முறைதவறி எரிந்தன. விமர்சகர்கள் அந்நாடகத்தைக் கடுமையாகத் தாக்கினர். 1966இல் நடித்த மக்பெத்தும் வெற்றி பெறவில்லை. உரத்த குரலும் பெரும் வீச்சும் வேண்டிய பாத்திரங்களில், அடங்கிநிற்கும் அவருடைய இயல்பு அவருக்கு எதிராக நின்றது எனலாம். எல்லாம் வல்ல நடிகர் என்று எவருமில்லை. தம் எல்லையை அறிந்து அதனுள் ஆழம் தேடும் நடிகரே உண்டு.

அந்த ஆழத்தை அவர் அறுபத்தைந்தாம் வயதில் மீண்டும் காட்டினார். 1979இல் பி.பி.சி. தொலைக்காட்சி, ஜோன் லெ கரேயின் நாவலொன்றைத் தொடர்நாடகமாக்கியது. அதில் ஜோர்ஜ் ஸ்மைலி என்ற ஓய்வுபெற்ற உளவதிகாரியாக அவர் நடித்தார். பாத்திரத்தை அறிய விரும்பிய அவருக்காக, பிரித்தானிய உளவுத்துறையின் முன்னாள் தலைவர் ஒருவருடன் பகலுணவுக்கு நாவலாசிரியர் ஒழுங்கு செய்தார். விருந்து முடிந்து அம்மனிதர் வெளியேறியதும், கின்னஸ் எழுந்தோடித் தெருவில் அவர் நடந்து செல்லும் விதத்தைப் பார்த்து நின்றாராம். இங்கும் நடையே! திரையில் வரும் ஸ்மைலிக்கு ஒட்டு மூக்கில்லை, தாடியில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பிறர் பேசுவதைக் கேட்டிருக்கிறார். கேட்டிருப்பதையே ஒரு நடிப்பாக்கியதுதான் அதன் வெற்றி. எட்டு முகங்களில் தொடங்கியவர் தம் ஒரே முகத்தோடு வந்து சேர்ந்த இடம் இது.

1977இல் வெளியான 'நட்சத்திரப் போர்கள்' திரைப்படமே அவரை உலகின் சிறுவர் அனைவருக்கும் அறிமுகப்படுத்தியது. அதன் இலாபத்தில் கிடைத்த பங்கு அவருக்குப் பெருஞ்செல்வத்தை அளித்தது. அதன் வசனங்களையோ அவர் சிறிதும் மதித்தாரில்லை. ஒரு வாழ்நாளின் உழைப்பை மக்கள் ஒரேயொரு படத்தால் நினைவுகூர்வது கலைஞருக்கு நேரும் விதிகளுள் ஒன்று. 1959இல் சேர் பட்டமும், 1980இல் வாழ்நாட் பணிக்கான சிறப்பு ஒஸ்காரும் பெற்ற அவர், 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள் மறைந்தார். அறுபத்திரண்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி மெருலா சில வாரங்களில் அவரைப் பின்தொடர்ந்தார்.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் உண்டு. பாடசாலை நாடகப் போட்டிகளில் ஒப்பனைக்கும் உடைக்கும் நாம் தாராளமாகப் புள்ளி வழங்குகிறோம். நரைத்த தாடி ஒட்டினால் கிழவர், கைத்தடி பிடித்தால் குருடர் என்று மாணவர் எண்ணுவாராயின் அது அவர்களின் குற்றமன்று. பார்க்கக் கற்றுக்கொடுக்காத நம்முடைய குற்றம். கிழவராக நடிக்க விரும்பும் மாணவனை முதலில் அவனுடைய பாட்டனாரிடம் அனுப்பிவைப்போம். அவர் கதிரையிலிருந்து எழும்போது எந்தக் கையை முதலில் ஊன்றுகிறார், எழுந்ததும் ஏன் சற்றுத் தாமதிக்கிறார் என்று அவன் கண்டு வரட்டும். அவ்வாறு கண்டு வந்தவன் நடிகனாகாவிட்டாலும் தன் பாட்டனாரை அறிந்தவனாவான்.

நோயுற்ற மகனின் தள்ளாட்டத்தை ஒரு தந்தை அத்தனை உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார். அது கலைஞனின் கண்ணா, தந்தையின் கண்ணா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. பிரிக்க வேண்டியதில்லை என்பதே அந்த நடை எனக்குக் கற்பித்த பாடம்.