நடுங்கும் கையும் பதறாத மனமும்

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் லண்டன் வைத்தியர் விவரித்த நடுக்குவாதம், மூளையில் டோபமைனைச் சுரக்கும் உயிரணுக்கள் க்ஷீணிப்பதால் விளைவதாயினும், அந்நடுக்கத்தை மிகைப்படுத்துவதில் மனக்கலவரத்துக்கும் கணிசமான பங்குண்டு என்பதை, சட்டைப் பொத்தானை மாட்ட முயல்கையில், பிறர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தாலேயே விரல்கள் மேலும் உதறக் கண்ட நோயாளிகள் நன்கறிவர்.

ஆகவே, 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் தொடங்கிவைத்த எட்டு வாரப் பயிற்சி, அதாவது மூச்சையும் உடலின் ஒவ்வோர் அவயவத்தையும் விருப்பு வெறுப்பின்றிக் கவனித்திருக்கும் அப்பியாசம், இந்நோயாளருக்கும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அளிக்கப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஹாங்காங்கில் 138 நோயாளரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனக்கவனத்தோடு கூடிய யோகாசனம், வழக்கமான தேகப்பயிற்சிக்கு நிகராக நடமாட்டத்தைச் சீர்ப்படுத்தியதோடு, கவலையையும் மனச்சோர்வையும் அதைவிட அதிகமாகவே தணித்தது. (யோகம் பிறந்த நாட்டினர் இதை ஹாங்காங்கிலிருந்து கேட்டறிய நேர்ந்தது சற்று வேடிக்கைதான்.)

மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியானத்தில் அமரச் சொல்லும் உபதேசிகளை நான் ஆதரிக்கவில்லை. லெவோடோபா என்னும் அம்மாத்திரை செய்யும் வேலையை மூச்சுப்பயிற்சி செய்யாது. ஆனால் ஒரு வேளை மாத்திரையின் வீரியம் தணிந்து, மறுவேளை மாத்திரை பலிக்கும்வரை உடல் விறைத்துக் கிடக்கும்போது நோயாளியைக் கவ்வும் பீதியைச் சமாளிக்கக் கற்றுத்தர, நரம்பியல் பிரிவில் ஓர் அறையும் தேர்ந்த ஆசிரியர் ஒருவரும் போதும். அதற்கும் நிதியில்லை என்பது நம்பத்தக்கதன்று.