கதிரைத் தொழுகை
"முழங்கால் தேய்ந்துவிட்டது மௌலவி, இனிக் கதிரையில்தான் தொழுகை" என்று சொல்லும் உம்மாமார் பெருகிவிட்டனர். இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது, குற்றமில்லை. ஆனால், வலிக்குப் பயந்து காலை அசைக்காமலே வைத்திருந்தால் தொடைத் தசை மெலிகிறது. மூட்டைத் தாங்குவதே அந்தத் தசைதான். அது மெலிய, வலியும் கூடுகிறது.

என் ராத்தாவுக்கு இயன்மருத்துவர் சொன்னது இவ்வளவே: கதிரையில் இருந்தபடி காலை நேரே நீட்டி, சற்றுப் பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். நாள் தவறாமல் செய்ய வேண்டும். "இதற்கா பஸ் ஏறிப் போனேன்?" என்று முதல் வாரமே சலித்துக்கொண்டார். (மாத்திரை தந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்!)

தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளரவில்லை. பயிற்சியால் அது வளராது. ஆனால் மூன்று மாதத்தில், பிறர் கை பிடிக்காமல் படியேறினார். சுஜூதுக்கு இன்னும் கதிரைதான். தக்பீர் கட்டும்போது எழுந்து நிற்கிறார்.