ஆலங்குடாவின் கதையை எழுதுவது யார்?

கற்பிட்டிக் குடாநாட்டின் ஆலங்குடாவை இன்று பலர் உல்லாசக் கடற்கரையாகவே அறிவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கோ அது அகதி வாழ்வு தொடங்கிய மண்.

யாழ்ப்பாண நகரில் வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம்; வட மாகாணம் முழுவதிலும் வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர். அறிக்கைகள் இவ்வளவையே கூறும். எதை எடுப்பது, எதை விடுவது எனத் திகைத்த தாயையும், தடுக்க இயலாது வாசலில் நின்ற தமிழ் அயலவரையும், நிலத்தையும் நீரையும் பகிர்ந்து பின்னர் நெருக்கடிக்குள்ளான புத்தளத்து மக்களையும் ஒருசேரக் காட்ட நாவலே வல்லது.

தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்', சயந்தனின் 'ஆதிரை' ஆகியன போரைச் சாமானியர் நிலையில் நின்று பேசின. ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' தமிழ், முஸ்லிம் பெண்களின் துயரை ஒரே கதையில் இணைத்தது. வடபுல வெளியேற்றம் அத்தகைய கவனத்தைப் போதியளவு பெறவில்லை என்பதே எமது கருத்து.

அன்று குடும்பத்தைச் சுமந்து வந்தோர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களின் நினைவுகள் மறையுமுன் அவை எழுத்தாக வேண்டும். அது முஸ்லிம்களின் பணி மட்டுமே எனத் தமிழ் எழுத்தாளர்கள் ஒதுங்குவது தகாது. வாசலில் நின்றவரின் மௌனத்தை அவர்களன்றி வேறு யார் எழுதுவது?