கர்ட் ஃபிளட் தொடுத்த வழக்கு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணிகளுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதி முடிவடைகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் ஊதியத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற குரல் அணி உரிமையாளர்கள் தரப்பில் வலுத்துள்ளது. 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோவை 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. இத்தகைய தொகைகளைக் கேட்கும்போது, வீரர்களின் பேராசைதான் சிக்கல் என்று தோன்றுவது இயல்பு. நான் அவ்வாறு கருதவில்லை. சோட்டோவைப் போலவே வெளிக்கள வீரராக விளங்கிய கர்ட் ஃபிளட்டின் வாழ்க்கையே அதற்குக் காரணம்.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 12 ஆண்டுகள் ஆடியவர் ஃபிளட். களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதைத் தொடர்ந்து ஏழு முறை பெற்றவர். 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தவர். ஆயினும், 1969 அக்டோபரில் அவரது விருப்பத்தைக் கேளாமலேயே பிலடெல்பியா அணிக்கு அவர் மாற்றப்பட்டார். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளவும், பிற அணிக்குக் கைமாற்றவும் அன்றைய தக்கவைப்பு விதி அணிக்கு உரிமை அளித்திருந்தது.

வாங்கி விற்கப்படும் உடைமை அல்ல தான் என்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதிய ஃபிளட், 1970 ஜனவரியில் வழக்குத் தொடுத்தார். அவர் ஏழை அல்லர். 1969-இல் அவரது ஊதியம் 90,000 டாலர். தொகையைப் பற்றிய வழக்கல்ல அது. எங்கே உழைப்பது என்பதை முடிவு செய்யும் உரிமையைப் பற்றியது. நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் அவருக்காகச் சாட்சி சொன்னார். அப்போது களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடச் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை.

1972-இல் உச்ச நீதிமன்றம் 5–3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பேஸ்பாலுக்கு 1922 முதல் கிடைத்துவந்த விலக்கு முரண்பாடானது என்று ஒப்புக்கொண்ட நீதிபதிகள், அதைத் திருத்தும் பொறுப்பை நாடாளுமன்றத்திடம் விட்டனர். அதற்குள் ஃபிளட்டின் ஆட்ட வாழ்க்கையும் முடிந்துவிட்டது. 1970 பருவம் முழுவதையும் இழந்த அவர், 1971-இல் வாஷிங்டன் அணிக்காக 13 ஆட்டங்களில் மட்டுமே ஆடினார்.

பலன் பிறருக்குக் கிடைத்தது. ஓர் அணியில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் உட்பட மொத்தம் பத்து ஆண்டுகள் ஆடிய வீரர், தம்மை இடம் மாற்றுவதை மறுக்கலாம் என்ற விதி 1973-இல் வந்தது. முன்பே இருந்திருந்தால் அது ஃபிளட்டையே காத்திருக்கும். 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் வேறு இரு வீரர்களின் முறையீட்டில் அளித்த முடிவு தக்கவைப்பு விதியைத் தகர்த்தது. மேஜர் லீக் வீரர்களின் பணி உறவுகளில் அந்தச் சட்ட விலக்கை நீக்கி, ஃபிளட்டின் பெயரிலேயே ஒரு சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. 1997 ஜனவரியில், 59-ஆம் வயதில் மறைந்துவிட்டார்.

சிறு நகர அணிகளால் பெருநகர அணிகளின் பணபலத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்ற உரிமையாளர்களின் வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. ஆனால், அது அணிகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு. வருவாயை அவை தமக்குள் இன்னும் நியாயமாகப் பகிர்ந்துகொள்வதே அதற்குரிய முதல் தீர்வு. அதைச் செய்யாமல் வீரரின் விலைக்கு வேலி கட்டுவது, ஒருவர் நோய்க்கு மற்றவருக்கு மருந்து கொடுப்பதாகும். இன்றும் பொதுவாக ஆறு ஆண்டுகள் ஆடிய பிறகே ஒரு வீரர் சுதந்திரமாக அணியைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. அதுவரை காத்திருந்து பெறும் உரிமையின் மதிப்பையும் குறைப்பது நியாயமன்று.

பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் ஃபிளட்டுக்கு இன்றுவரை இடமில்லை. அந்தக் குறையை என்றேனும் சரிசெய்துவிடலாம். அவர் தம் வாழ்க்கையை விலையாகக் கொடுத்துக் கேட்ட உரிமை பேச்சுவார்த்தை மேசையில் கரைந்துபோனால், அதை மீட்க இன்னொருவர் தம் வாழ்க்கையை இழக்க வேண்டியிருக்கும்.