அவள் கையெழுத்து போதும்

மாண்புமிகு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கருவைக் கலைப்பது குற்றம், தெரிந்தால் போலீஸ் வரும் என்றுதான் எங்கள் மணவூர்ப் பக்கம் பல பெண்கள் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையம் எங்கள் ஊர். திருத்தணி மலையும் ஆந்திர எல்லையும் தூரமில்லை. சென்னைக்கும் தினமும் போய் வருகிறோம். இருந்தும் 1971-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம் இன்னும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. அதைப் பற்றிப் பேசவே இந்த மடல்.

அந்தச் சட்டம் 1972 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து இருந்தால் கருவைக் கலைக்கலாம். கருத்தடை பலிக்காமல் போனதும் அதற்கு ஏற்ற காரணமே. வன்கொடுமைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர் அல்லது மணவிலக்குப் பெற்றவர் போன்றோருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை அனுமதி உண்டு. அந்த 24 வார வரம்பில் திருமணமாகாத பெண்ணை விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-இல் தீர்ப்பளித்தது. 18 வயது நிரம்பிய, மனநோய்க்கு ஆட்படாத பெண் என்றால் அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமியார், அப்பா, அண்ணன் என்று வேறு யாருடைய ஒப்புதலையும் சட்டம் கேட்கவில்லை. அவள் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் நடப்பது வேறு. “வீட்டுக்காரர் வரலையா?” என்பதுதான் முதல் கேள்வி. கூட யாரும் வராவிட்டால், “அவரைக் கூட்டிக்கிட்டு வாம்மா” என்று திருப்பி அனுப்புவார்கள். இரண்டு குழந்தை பெற்றவள் என்றால், “ஃபேமிலி பிளானிங் ஆபரேஷனுக்கு ஒத்துக்கோ, ரெண்டையும் சேர்த்துச் செஞ்சிடலாம்” என்பார்கள். கழுத்தில் தாலி இல்லாவிட்டால் கேள்விக்கு முன்பே பார்வை வந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஜி.எச்.சுக்கு, அங்கிருந்து ஸ்கேனுக்கு, ஸ்கேனிலிருந்து இன்னொரு நாளுக்கு என்று அலைய வேண்டும். விடியுமுன் கம்பெனி வேனில் ஏறி ஒரகடத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ போகிற பெண்ணுக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் கூலி. விசைத்தறியில் இருப்பவளுக்கும் செங்கல் சூளையில் இருப்பவளுக்கும் இதே கதைதான். இதற்குள் வாரங்கள் கழிந்துவிடும். மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது கருவியால் செய்ய வேண்டியதாகிறது. அதுவும் கடந்தால் மருத்துவர் கையை விரிக்கிறார்.

எல்லா மருத்துவர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் எழுந்து வந்து எங்கள் பெண்களின் உயிரைக் காத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நல்ல டாக்டரம்மா பணியில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போனால்தான் கிடைக்கும் என்றால், அதை உரிமை என்று எப்படிச் சொல்வது?

சட்டம் இடம் கொடுத்தும் வாசலில் மறுக்கப்படுவதை உலகம் ஏற்கெனவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெரு நாட்டில் 2001-இல் 17 வயதுப் பெண் ஒருத்தியின் வயிற்றில் இருந்த கருவுக்கு மூளை வளரவில்லை. தாயின் உடல்நலம் காக்கக் கருக்கலைப்புச் செய்ய அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இருந்தது. மருத்துவமனை இயக்குநர் மறுத்துவிட்டார். அவள் குழந்தையைப் பெற்றாள். நான்கே நாளில் இறந்த அந்தக் குழந்தைக்கு, அதுவரை பாலும் கொடுக்க வைத்தார்கள். ஐ.நா. மனித உரிமைக் குழு 2005-இல், இது கொடுமையான, மனிதத் தன்மையற்ற நடத்தை என்று பெரு அரசின் மீது குற்றம் கண்டது. அதே நாட்டில், வன்கொடுமையால் கருவுற்று மாடியிலிருந்து குதித்த 13 வயதுச் சிறுமிக்கு, கர்ப்பத்தைக் காரணம் காட்டி முதுகெலும்பு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு 2011-இல் அந்த வழக்கிலும் பெருவுக்கு எதிராகவே முடிவு சொன்னது. பார்வை மங்கிவந்த போலந்துத் தாய் ஒருத்தியின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-இல் சொன்னதன் சாரம் இது: சட்டத்தில் அனுமதித்த பிறகு, அதை உண்மையில் பெறமுடியாதபடி நடைமுறையை அமைக்க அரசுக்கு உரிமை இல்லை.

அந்த ஐ.நா. குழுக்கள் கண்காணிக்கும் உடன்படிக்கைகளில் நாமும் இருக்கிறோம். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் இணைந்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை 1993-இல் ஏற்றது. குழந்தை பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று நம் உச்ச நீதிமன்றமும் 2009-இல் கூறிவிட்டது. கையெழுத்திட்டது டெல்லி. ஆனால் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதனால்தான் இந்த மடல் ஜெனீவாவுக்கோ டெல்லிக்கோ போகாமல் உங்களுக்கு வருகிறது.

இனி மாத்திரைகளைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு இந்தியாவில் 2002-இல் அனுமதி கிடைத்தது. அதோடு மிசோப்ரோஸ்டாலும் சேர்த்து, மருத்துவரின் சீட்டின்பேரில் ஒன்பது வாரம் வரை எடுக்கலாம். பாதுகாப்பான முறை என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இது. 2015-இல் இந்தியாவில் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன, அவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் தமிழ்நாட்டின் மெடிக்கல் ஷாப்புகளில் சீட்டோடு போனாலும் இந்த மாத்திரை கிடைப்பது அரிது. ஆறு மாநிலங்களில் நடத்தி 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், நம் மாநிலத்தில் நூற்றுக்கு இரண்டு கடைகளில்தான் அது இருந்தது. மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் வருவார், கணக்குக் கேட்பார், எதற்கு வம்பு என்று கடைக்காரர்கள் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

இந்தக் கெடுபிடியின் பின்னால் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலைகளை மறந்தவர் யார்? தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் ஏன் வந்தது என்றும் தெரியும். பெண் என்று தெரிந்து கருவை அழிப்பதைத் தடுத்தே ஆகவேண்டும். பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. ஆனால் மாத்திரை ஒன்பது வாரம் வரைக்கும்தான். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று நம்பும்படி தெரிய 12, 13 வாரமாவது ஆகவேண்டும். அப்படியிருக்க, மாத்திரையை மறைப்பதால் எந்தப் பெண் சிசு காப்பாற்றப்படுகிறது? அது கிடைக்காத பெண் பப்பாளிக்காயையும் எள்ளையும் தின்று பார்க்கிறாள். பிறகு யாரோ சொன்ன போலி டாக்டரிடம், முகம் தெரியாத ஊராகப் பார்த்துப் போகிறாள். ரத்தம் நிற்காமல் திரும்பி வருபவளை அரசு மருத்துவமனைதான் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டம் ஸ்கேன் அறையைக் கண்காணிக்கட்டும். மருந்துக் கடையை விட்டுவிடட்டும்.

மருத்துவர்களின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. கருக்கலைப்பு 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் குற்றமாக இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 88-ஆவது பிரிவாக அப்படியே இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதிலிருந்து விலக்குத் தருகிறது, அவ்வளவுதான். விலக்கை நம்பி வேலை செய்பவர் பயந்தபடிதான் செய்வார். அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கர்நாடகத்திலிருந்து அயர்லாந்து போன பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் உயிரைக் கொடுத்திருக்கிறார். 17 வாரத்தில் கரு நிலைக்காது என்று தெரிந்த பிறகும், இதயத்துடிப்பு இருக்கிறது என்று கலைக்க மறுத்தார்கள். நோய்த்தொற்று பரவி 2012 அக்டோபர் 28-இல் இறந்தார். அந்நாட்டு மக்கள் 2018-இல் வாக்களித்து அரசியலமைப்பையே மாற்றினார்கள். கடல் தாண்டி இலங்கையிலோ, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதிக்கும் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இன்னும் நம் தமிழ்ப் பெண்களையும் சேர்த்தே கட்டிப்போட்டிருக்கிறது. தண்டனைச் சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பதை அறிவேன். சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் மருத்துவருக்குத் துறை துணை நிற்கும் என்று எழுத்தில் சொல்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது. 18 வயதுக்குக் குறைந்தவள் கருவுற்று வந்தால் போக்சோ சட்டப்படி மருத்துவர் தகவல் தரவேண்டும். அந்தக் கட்டாயம் நல்லெண்ணத்தில் வந்தது. ஆனால் அதைக் கேட்டவுடன் பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டே போய்விடுகிறார்கள். ஊர் பேசும், படிப்பு நிற்கும் என்ற பயம். இதற்கும் உச்ச நீதிமன்றம் 2022-இல் வழி சொல்லியிருக்கிறது. பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வும் 2023-இல் இதை வலியுறுத்தியது. எங்கள் வட்டாரத்துச் செவிலியருக்கும் காவல் நிலையத்துக்கும் இதை யார் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்?

தமிழ்நாட்டுக்கு இது புதிய பேச்சு இல்லை. மற்றவர்கள் மக்கள்தொகையைச் சொல்லியும் தாயின் உடல்நலத்தைச் சொல்லியும் கருத்தடையை ஆதரித்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று பெரியார் எழுதினார். அவர் பேசியது கருத்தடை பற்றி. ஆனாலும் உடம்பு யாருடையது என்ற கேள்வியை அன்றே சரியான இடத்தில் வைத்தார். அந்த வழியில் வந்த மாநிலம் பிரசவத்தைப் பாதுகாப்பானதாக்கிக் காட்டியது. 2018–20 கணக்கில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே அது 54. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறோம். குழந்தை பெற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு இத்தனை செய்யத் தெரிந்த துறையால், இப்போது வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கும் செய்ய முடியாதா?

திருவாலங்காடு வட்டாரத்திலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்கிறேன். பயிற்சி பெற்ற மருத்துவரும் மாத்திரையும் இருக்கும் நாள் இது என்று ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அறிவியுங்கள். பெண்ணின் கையெழுத்து போதும், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் நிபந்தனை இல்லை, பெயர் வெளியே போகாது என்று வாசலில் தமிழிலும் தெலுங்கிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறையப் பேர். சீட்டுக்கு மாத்திரை கொடுத்துக் கணக்கு வைக்கும் கடைக்காரரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். கணவர் இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் பெண் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்தால், அவளை எந்த மருத்துவமனை சேர்த்துக்கொள்ளும் என்று அதே அழைப்பில் பதில் கிடைக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. எங்கள் வட்டாரத்தில் எந்தெந்த நிலையங்களில், எந்தத் தேதியிலிருந்து இவை நடைமுறைக்கு வரும் என்பதை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மணவூரில் வாழும் ஒரு பெண்
திருவள்ளூர் மாவட்டம்