ஈரப் புல்வெளியும் இழுவை வீடும்

இங்கிலாந்தில் மோட்டார் காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே பூட்டி இழுத்துக்கொண்டு, குடும்பத்தோடு நாட்டுப்புறம் போய், யாரேனும் ஒரு பண்ணைக்காரரின் புல்வெளியில் அதை நிறுத்தி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு உறங்கித் திரும்பும் வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. அந்த வீட்டுக்குக் கேரவன் என்று பெயர். கேரவன் என்றதும் நம்மவர்கள் நினைத்துக்கொள்கிற, படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் பெரிய வண்டி அல்ல இது. தனக்கென்று எஞ்சின் இல்லாமல், பெரும்பாலும் இரண்டே சக்கரங்களின்மேல் நிற்கும் இழுவை வண்டி. 1885ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை வைத்தியர், பிரிஸ்டல் நகரத்துப் பட்டறை ஒன்று செய்து கொடுத்த ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியில் ஸ்காட்லாந்து வரை உல்லாசப் பிரயாணம் போனதை இதற்கு ஆரம்பமாகச் சொல்வார்கள். 1907இல் கேரவன் பிரியர்களுக்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டது. 1919இல் கார் இழுக்கும் வண்டிகளை எக்கிள்ஸ் கம்பெனி செய்யத் தொடங்கியது.

குதிரை போய்க் கார் வந்தும், அந்தத் தேசத்து மழையும் அதில் ஊறிக் குழையும் மண்ணும் மாறவில்லை. இரவெல்லாம் தூறிய வயலில், வண்டிக்குள்ளே நடந்தால் தரை ஆடுகிறது. அடிச்சட்டம் சற்றே முறுக்கிக்கொள்வதால் கதவு நிலையில் உரசுகிறது. உடனே வண்டிக்காரர் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி, நான்கு மூலைகளிலும் உள்ள இரும்புக் கால்களைக் கைப்பிடியால் முறுக்கி இன்னும் கீழே இறக்குகிறார், கால் மண்ணுக்குள் போகிறது, மறுபடியும் முறுக்குகிறார், அது மறுபடியும் போகிறது.

அந்தக் கால்கள் வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்காக ஏற்பட்டவையே அல்ல என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆயிரத்து நானூறு கிலோ எடையுள்ள ஒரு வண்டியின் பாரம் சக்கரங்களின்மேல்தான் பிரதானமாக நிற்க வேண்டும். மூலைக் கால்கள் ஆட்டத்தை அடக்குவதற்கு மட்டுமே உரியவை. அவற்றை ஜாக்கி போலப் பாவித்து வண்டியைத் தூக்க முயன்றால் காலும் வளையும், வண்டியின் அடிச்சட்டமும் கெடும். ஆகவே, காரிலிருந்து கழற்றும் முன்பே, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைச் சரிவுக் கட்டையின்மேல் ஏற்றி இடவலமாகச் சமன் செய்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, பிறகு முன்புறத்துச் சிறு சக்கரத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் முன்பின்னாகச் சமன் செய்து, எல்லாம் முடிந்த கடைசியில்தான் மூலைக் கால்களைத் தரையைத் தொட்டுச் சற்றே இறுகும் அளவுக்கு இறக்க வேண்டும். இந்த வரிசையில் முதலும் கடையும் மாறினால் பின்னால் செய்யும் உபசாரம் எல்லாம் வீண்.

மண் ஏன் இளகுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. மண்ணின் பலம், அதன் துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி உரசி நிற்பதில் இருக்கிறது. இடைவெளிகளில் நிறைந்த நீர் வெளியேற வழியில்லாமல் பாரத்தில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொள்ளும்போது துகள்களின் பிடி தளர்கிறது. இதைச் சாஸ்திர ரீதியாக விளக்கிய ஆஸ்திரிய எஞ்சினியர் கார்ல் டெர்ஸாகியின் மண் இயக்கவியல் நூல் 1925இல் வெளிவந்தது. சேற்று வயலில் முழங்கால் வரை புதையும் நம் உழவர், பரம்புப் பலகையின்மேல் ஏறி நின்றால் புதையாமல் போவது, பாரம் அகன்ற பரப்பில் பரவுவதால்தான்; இங்கேயும் அதே கணக்கு: பத்து சென்டிமீட்டர் சதுரமான இரும்புக் காலுக்கு அடியில் முப்பது சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றைப் போட்டால் பரப்பு ஒன்பது மடங்காகிறது, அழுத்தம் ஒன்பதில் ஒன்றாகக் குறைகிறது. பலகை வளையாத கனமுள்ளதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்குக் கடையில் விற்கும் வண்ணப் பிளாஸ்டிக் தட்டுகளை நான் குறை சொல்லவில்லை. மரத் துண்டும் அதே வேலையைச் செய்யும்.

இப்போது இந்தச் சங்கடத்துக்கு இரண்டு பரிகாரங்கள் பெருமையாகப் பேசப்படுகின்றன. ஒன்று, பொத்தானை அமுக்கினால் வண்டியைத் தானே சமன் செய்துகொள்ளும் ஹைட்ராலிக் கால்கள். யந்திரம் வண்டியைச் சமமாக்கலாம், மண்ணைக் கெட்டியாக்காது. ஈர நிலத்தில் அதன் பாதங்களுக்கும் பலகை வேண்டியிருக்கிறது. மற்றொன்று, புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சரளைக் கல் பரப்புவது. வயோதிகர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் குளிர்காலத்துக்கும் அது அவசியம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்நாட்டின் 1960ஆம் ஆண்டுக் கேரவன் தங்குமிடச் சட்டத்தின் கீழ், கேரவன் சங்கத்தின் அத்தாட்சி பெற்று ஐந்தே வண்டிகளுக்கு இடம் கொடுக்கும் சிறு பண்ணைகளும் வயலை எல்லாம் கார் நிறுத்துமிடமாக மாற்றத் தொடங்கினால், நகரத்தை விட்டு வந்தவன் எதற்காகத்தான் வந்தான்?

என் அபிப்பிராயம் வேறு. தொடர்மழை பெய்த வாரத்தில் பண்ணைக்காரர் வயலின் வாயிலை அடைத்துவிட வேண்டும்; முன்பணத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; வருகிறவர் முகம் சுளிக்காமல் அதை ஏற்க வேண்டும். வருமானம் போகுமே என்பார்கள். போகும். முன்சக்கரங்களால் ஓடும் கார், பின்னால் ஒரு டன்னுக்கு மேல் பாரத்தோடு ஈரப் புல்லில் புறப்பட முயலும்போது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று தோண்டும் பள்ளத்தையும், பிறகு டிராக்டர் வந்து இழுக்கும்போது விழும் நீண்ட தடத்தையும் பார்த்தவர் அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவார். அமுங்கிய மண்ணில் நீர் இறங்காது, வேர் ஓடாது. அடுத்த பருவத்துப் புல்லும் அங்கே நோஞ்சானாகவே முளைக்கும்.

இது இங்கிலாந்தின் கவலை மட்டும் அல்ல. நம் அண்டை மாநிலமாகிய கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்து, வண்டிகள் தங்கும் பூங்காக்களுக்கு ஊக்கம் அளித்துவருகிறது. அங்கே முக்கியமாக ஓடுவன எஞ்சின் பொருத்திய வண்டிகள், ஆகவே இன்னும் கனமானவை. ஆனி, ஆடி மாதங்களில் மலைச்சரிவில் பெய்யும் மழையோ இங்கிலாந்துத் தூறலைப் போன்றதல்ல. இத்தகைய பூங்காவுக்கு எந்த மாநிலத்தில் அனுமதி கேட்டாலும், மின்கம்பமும் கழிப்பறையும் எத்தனை என்று விசாரிப்பதற்கு முன்னால், மழைநீர் எந்தப் பக்கமாக வடியும், எந்தெந்த மாதங்களில் நிலம் மூடப்பட்டிருக்கும் என்ற இரண்டையும் விண்ணப்பத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.